கோமாளி எட்டு மணிக்கே போயிட்டானே

அன்புள்ள சார்,

நான் கோவையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டருக்கு ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். டைட்டிலோடு சேர்த்து இரண்டு நிமிடம். நாங்கள் ஐந்து பேர். கோமாளியை வைத்துச் செய்யலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் திட்டம் இதுதான்: நள்ளிரவு. ஆளில்லாத பங்களா. ஒரு பெண் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருகிறாள். ஒரு சிவப்பு பலூன் உருண்டு வருகிறது. திரும்பிப் பார்த்தால் கையில் கத்தியோடு கோமாளி. சிரிக்கிறான். அவள் அலறுகிறாள். கட். டைட்டில்.

எங்கள் மேடம் படித்துவிட்டு, "இதை இதுவரைக்கும் நாற்பது தடவை பார்த்துட்டேன்" என்றார். கோமாளியையே விட்டுவிடலாம் என்று குழுவில் இரண்டு பேர் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. உயரம் குறைவான ஒருவரை நடிக்க வைத்தால் இன்னும் பயமாக இருக்கும் என்கிறான் ஒரு நண்பன். எங்களிடம் ஒரு கேமரா, ஒரு ட்ரைபாட், 5,000 ரூபாய் இருக்கிறது. நீங்கள் கூத்து, நாடகம் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். கோமாளி ஏன் பயமுறுத்துகிறான்? நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?

கே.

அன்புள்ள கே.,

கோமாளியை விடாதீர்கள். கத்தியையும் பங்களாவையும் விட்டுவிடுங்கள். சிவப்பு பலூனும் வேண்டாம். ஸ்டீபன் கிங்கின் 'இட்' படமாக வந்த பிறகு அந்த பலூனுக்குப் பட்டா அவர் பெயரில் ஆகிவிட்டது. நீங்கள் அதை உருட்டிவிட்ட நொடியே உங்கள் மேடத்துக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும், உங்கள் படம் வராது.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒரு தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஆள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம். ஸ்பெஷல் நாடகங்களில் பபூன்தான் முதலில் வருவார். வந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்களை இழுத்து வைத்துக் கிண்டல் செய்வார், கூட்டம் உருளும். அன்றைக்கும் அப்படித்தான் உருண்டது. நடுச்சாமத்துக்கு மேல் ஒன்றுக்கு இருப்பதற்காகக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன். பபூன் அங்கே தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியும் கண்ணும் துடைத்தாகிவிட்டது. வாயைச் சுற்றிப் போட்ட சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. களைத்துப்போன ஒரு கிழவரின் கண். அதற்குக் கீழே காது வரை இழுத்துவிட்ட சிரிப்பு. என்னைப் பார்த்து, "என்னடா, தூக்கம் வரலையா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் வந்த வேலையை மறந்து ஓடினேன். அந்த மனிதர் கையில் கத்தி இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருப்பேனா என்று தெரியவில்லை. கத்திக்காரனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும். இவருடைய முகத்தில் எந்தப் பாதியை நம்புவது?

அவ்வளவுதான் விஷயம். எதிரில் இருப்பவன் நல்லவனா, கோபத்தில் இருக்கிறானா என்பதைப் பிறந்த சில மாதங்களிலிருந்தே முகத்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறோம். சாயம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. 2008இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர், குழந்தைகள் வார்டுச் சுவரில் என்ன வரையலாம் என்று 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். கோமாளிப் படம் யாருக்கும் பிடிக்கவில்லை. பெரிய பிள்ளைகளில் சிலருக்குக்கூடப் பயமாக இருந்ததாம். அத்தனை வருஷம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் கோமாளி வரைந்த பெரியவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பாரிஸில் தெபுரோ என்று ஒரு ஊமைநாடகக் கலைஞர் இருந்தார். வெள்ளை முகத்தோடு பியரோ என்ற சோகக் கோமாளி வேஷம் கட்டுபவர். 1836இல் அவர் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பையன் விடாமல் கேலி செய்தான். கைத்தடியால் ஒரு அடி அடித்தார், பையன் இறந்துபோனான். வழக்கில் அவரை விடுவித்தார்கள். மேடையில் வாயே திறக்காத மனிதரின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கவே நீதிமன்றத்தில் கூட்டம் முண்டியடித்தது என்று சொல்வார்கள். அந்தக் கூட்டத்தின் ஆசைதான் உங்கள் மூலதனம். சாயத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்ற ஆசை. அதை இரண்டு நிமிடத்துக்குள் தீர்த்துவிடாதீர்கள். உங்கள் திட்டத்தில் கோமாளி வருகிறான், சிரிக்கிறான், கத்தியைக் காட்டுகிறான். மிச்சப் படத்துக்கு அவனிடம் ஒன்றுமே இல்லை.

உயரம் குறைவானவரைப் போடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. நம் சர்க்கஸ்களில் அவர்களைக் கோமாளியாகவே நிறுத்திவைத்து நூறு வருஷம் சிரித்தோம். இப்போது அதே உடம்பைக் காட்டிப் பயமுறுத்துவது சோம்பேறித்தனம். உங்கள் ஐந்து பேரில் யாருக்கு அசையாமல் நிற்க வருகிறதோ அவர் செய்யட்டும். இரண்டு நிமிடம் தோளைக்கூட ஆட்டாமல் நிற்பது லேசுப்பட்ட வேலை இல்லை, பழக வேண்டும்.

சரி, பங்களாவுக்குப் பதில் எங்கே? உங்கள் ஊரில் கோமாளியை நிஜமாக எங்கே பார்க்கிறீர்கள்? நான் பார்ப்பது கல்யாண மண்டபத்து வாசலில். ரிசப்ஷனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, செல்ஃபிக்கு நின்று, புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிற ஒரு பையன். அந்த வேஷத்துக்குள் யார் என்று நாம் யாரும் கேட்பதில்லை. அங்கேயே வையுங்கள். ரிசப்ஷன் முடிந்து, மண்டபத்தைக் காலி செய்கிற நேரம்.

நான் எடுத்தால் இப்படித் தொடங்குவேன். இருட்டில் முதலில் சத்தம் மட்டும்: பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம். அதோடு ஒரு குரல் மொய் வாசிக்கிறது. "ஐநூத்தி ஒண்ணு… ஆயிரத்தி ஒண்ணு… இது யாரு, பேரே போடல, இருநூறு." அப்புறம் படம். மேடையில் மணமக்கள் பெயர் ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகளை ஒருவர் பிய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் ஏழு வயதுப் பையன் படுத்திருக்கிறான், அரைத் தூக்கம், கையில் பிரிக்காத மிட்டாய். பக்கத்து அறையில் மொய்ப் பணம் எண்ணுகிறார்கள்; கதவு இடுக்கில் அம்மாவின் முதுகு மட்டும் தெரிகிறது. பையன் கண் விழிக்கிறான். நாற்காலி அடுக்குகளுக்குக் கீழே, அந்தப் பக்கம் பெரிய பெரிய ஷூ இரண்டு. அடுக்குக்கு மேலே ஒரு தொப்பி நுனி.

இந்த இடத்தை நான் தெருக்கூத்திலிருந்து திருடினேன். கூத்தில் முக்கியமான வேஷம் நேரே நடந்து வராது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் உச்சி, கீழே சலங்கைக் கால், நடுவில் வெறும் துணி. உள்ளேயிருந்து பாட்டு வரும். திரை விலகுவதற்குள் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்கு நாற்காலி அடுக்குதான் திரை. வேலையாட்கள் பேசிக்கொண்டே மேலிருந்து நான்கு நான்காகத் தூக்கிக்கொண்டு போக, அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியட்டும். 120 நொடியில் முழு முகம் 70ஆவது நொடிக்கு முன்னால் வேண்டாம். அவன் பக்கத்தில் நடமாடும் வேலையாட்கள் அவனை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது, முக்கியம்.

இனி வெளிச்சம். இதில்தான் உங்கள் 5,000 ரூபாயில் பாதி போக வேண்டும். ரிசப்ஷன் மேடையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே இருக்குமே பார் லைட், அதை ஒன்று வாடகைக்கு எடுங்கள். டெக்கரேஷன்காரர்கள் இன்னும் கழற்றவில்லை என்று கதைக்குள்ளேயே அதற்கு நியாயம் இருக்கிறது. கோமாளி முகத்துக்கு வெள்ளை, புருவத்துக்கும் கண்ணுக்கும் கறுப்பு, வாய்க்கு நல்ல ரத்தச் சிவப்பு. மெரூன் கூடாது. இப்போது அவன் மேல் சிவப்பு வெளிச்சம் விழட்டும். வெள்ளைச் சாயமும் சிவப்புச் சாயமும் சிவப்பு ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி திருப்பி அனுப்பும். வாய் முகத்தோடு கரைந்துபோய்விடும். சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, இரண்டு கண் மட்டும். வெளிச்சம் பச்சைக்கு மாறினால் சிவப்புக்குத் திருப்பி அனுப்ப ஒளியே இல்லை, வாய் கன்னங்கரேலென்று பிளந்து நிற்கும். நடிகர் ஒரு தசையைக்கூட அசைக்கவில்லை. சிரிப்பு மட்டும் வருகிறது, போகிறது, வருகிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1931இல் ஹாலிவுட்டில், நல்ல மனிதன் ஒருவன் மருந்து குடித்துக் கொடூரனாக மாறும் ஜெகில்–ஹைட் கதையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, நிறச் சாயமும் நிற ஃபில்டரும் வைத்துத்தான் கட் இல்லாமல் ஒரு முகத்தை மாற்றினார்கள்.

மறக்கக் கூடாத இரண்டு மூன்று: ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் ஆட்டோவில் விடாதீர்கள், நிறம் மாறும்போது கேமரா தானாக அதைச் சரிக்கட்டப் பார்க்கும். எக்ஸ்போஷரை வெள்ளை முகத்துக்கு ஏற்ப வையுங்கள், மண்டபம் இருண்டால் இருளட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் மண்டபத்து ட்யூப் லைட் துடிக்காது. மலிவான பார் லைட் அப்போதும் வரி வரியாக ஓடலாம். வாடகைக்கு எடுக்கும் முன் உங்கள் கேமராவிலேயே ஓட்டிப் பாருங்கள்.

சத்தத்தை மண்டபத்திலேயே தனியாகப் பதிவு செய்யுங்கள், நாற்காலி, மின்விசிறி, கரண்டி அலசும் சத்தம் எல்லாம். இணையத்தில் கிடைக்கும் கோமாளிச் சிரிப்பு எதையும் எடுக்காதீர்கள். அவன் சிரிக்கவே கூடாது.

கடைசிக்கு வருவோம். பையன் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பச்சை. கறுத்த வாய். கோமாளி ஒரே ஒரு வேலை செய்கிறான்: கையை நீட்டுகிறான், உள்ளங்கையில் ஒரு மிட்டாய். பையன் எழுந்து நிற்கிறான். அப்போது பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல், மொய் வாசிப்புக்கு நடுவில், சாதாரணமாக:

"அண்ணா, அந்தக் கோமாளிப் பையனுக்குக் காசு குடுத்தாச்சா?"

"அவன் எட்டு மணிக்கே வாங்கிட்டுப் போயிட்டானே. ம்… ஆயிரத்தி ஒண்ணு…"

சிவப்பு. வாய் இல்லை. டைட்டில்.

அலறல் இல்லை என்று உங்கள் குழுவில் யாராவது குறைப்படுவார்கள். குறைப்படட்டும்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். முகத்துக்கு போஸ்டர் கலர் பூசாதீர்கள், தோல் போய்விடும். நாடக சாமான் கடைகளில் முகத்துக்கென்றே விற்கும் வெள்ளையைக் கேளுங்கள், முந்தின நாள் கையில் தடவி அரிக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் கலந்த வெள்ளை என்றால் மேலே டால்கம் பவுடர் ஒற்றினால்தான் மினுங்காது. பையனாக நடிக்கும் குழந்தையைச் சாயம் பூசும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள், அவனே ஒரு கோடு இழுக்கட்டும். அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்க வேண்டும். கோமாளியும் குழந்தையும் ஒரே ஃபிரேமில் இருக்கும் ஷாட்டுகளை முதலில் முடித்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் வேஷத்தோடு யாரும் டீ குடிக்க ரோட்டுக்குப் போகாதீர்கள். 2016இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கோமாளி வேஷத்தில் ஊர் சுற்றிய பலரைப் போலீஸ் பிடித்தது. இங்கே போலீஸுக்கு முன்னால் தெருக்காரர்களே கவனித்துவிடுவார்கள்.

மண்டபம் வாடகைக்குக் கட்டுப்படியாகாது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் போய் மேனேஜரிடம் கேளுங்கள், ஒரு ராத்திரிக்குக் கரண்ட் காசு மட்டும் வாங்கிக்கொண்டு விடக்கூடும். பார் லைட் எடுக்கும்போது ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு நிறம் மாறும், உங்கள் கோமாளி தப்பான இடத்தில் சிரித்துவிடுவான்.