பக்கவாதத்துக்கு அல்ட்ராசவுண்டு மூளைத் தூண்டல் பலன் தருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம், வலது கை இன்னும் வரவில்லை, மண்டையைத் திறக்காமல் அல்ட்ராசவுண்டால் மூளையைத் தூண்டிச் சரிசெய்ய முடியுமா என்று.

பக்கவாதத்துக்கு அது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் புரளி இல்லை. வயிற்று ஸ்கேனில் பயன்படும் ஒலியை மண்டை ஓடு பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் இதற்கு அதைவிட அதிர்வெண் குறைந்த, அரை மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல, சில மில்லிமீட்டர் இடத்தில் குவிக்கிறார்கள். அந்த மெல்லிய அழுத்தத்தில் நரம்பணுக்களின் சவ்விலுள்ள அயனி வாசல்கள் (மின்னூட்டமுள்ள துகள்கள் போய்வரும் வழிகள்) திறப்பதாகக் கருதுகிறார்கள். தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்துச் செய்யும் காந்தத் தூண்டல் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்போடு நின்றுவிடும். அல்ட்ராசவுண்டு மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ் என்ற பகுதி வரை போகும். எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஆழம்தான்.

கை நடுக்கத்துக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்ட்ராசவுண்டு சிகிச்சை வேறு. அது அதிகச் செறிவில் திசுவைச் சுட்டழிப்பது. இரண்டையும் ஒன்றென்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம், எந்தத் தூண்டலானாலும் கூடவே பயிற்சி வேண்டும். காசிமேட்டில் பக்கவாதம் வந்த எங்கள் பெரியப்பா தினமும் வலையின் ஈயக்குண்டுகளை ஒரு தகர டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார். முதல் வாரம் கட்டைவிரல் வழுக்கிக் குண்டுகள் தரையில் உருண்டன. பெரியம்மா பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆறாம் மாதம் அதே கையால் டம்ளரைப் பிடித்து டீ குடித்தார். அப்பாவை இந்த வாரமே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள். நாலு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.