பாய்மரப் படகில் உலகம் சுற்றணும் என்கிற மகளுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகள், இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த ரூபாவைப் பார்த்துவிட்டு நானும் அப்படித்தான் போவேன் என்கிறாள், நீங்கள் பேசாமல் பி.காம் சேர் என்கிறீர்கள், வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சரி, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவோம்.

முதலில் உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது. அந்தப் பயணம் தனியாக ஒரு வேலை கிடையாது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படை அதிகாரிகள். ரூபா ஆயுதங்களின் தரத்தைச் சோதிக்கும் பிரிவு, தில்னா லாஜிஸ்டிக்ஸ், அதாவது தேவையான பொருட்களை வாங்கி வழங்கும் பிரிவு. மாதச் சம்பளம் வருகிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு விருப்பம் தெரிவித்து, சில வருடம் பயிற்சி எடுத்த பிறகுதான் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பினார்கள், 2025 மே கடைசியில் திரும்பினார்கள். அதற்கு முன் 2017-18-ல் ஆறு பெண்கள் இதே படகில் சுற்றி வந்தார்களே, அவர்களும் கடற்படை அதிகாரிகள்தான். ஆக, கடலுக்குப் போவதற்கு முன்னால் கரையில் ஒரு வேலை வேண்டும். நம் நாட்டில் இதுதான் உருப்படியாக நடந்திருக்கிற வழி.

அடுத்தது, படகில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது. இதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தாரிணி சுமார் 17 மீட்டர் நீளம்தான். கோவாவில் கிளம்பினால் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில் போய்ச் சேர ஐந்து வாரத்துக்கு மேல், அதுவரை கரை கிடையாது. பெரிய பாய்மரக் கப்பல்களில் ஆட்களைப் பிரித்து நான்கு மணி நேரம் வேலை, பிறகு ஓய்வு என்று ‘வாட்ச்’ ஓடும், இரவு பன்னிரண்டிலிருந்து நாலு வரை உங்கள் முறை என்றால் எழுந்துதான் ஆக வேண்டும். இரண்டே பேர் என்றால் இன்னும் மோசம், ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும், தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பாயைச் சுருக்க வேண்டுமென்றால் தூங்குகிறவரையும் எழுப்புவார்கள். வாட்சில் இருப்பவர் சுக்கான் பார்க்கணும், வேறு கப்பல் வருகிறதா என்று பார்க்கணும், மணிக்கு ஒரு தடவை காற்றின் வேகம், காற்றழுத்தம், படகு இருக்கும் இடம் எல்லாம் எழுதி வைக்கணும். காற்றழுத்தம் மளமளவென்று இறங்கினால் பெரிய காற்று வருகிறது என்று அர்த்தம், அதற்குள் பாயைக் குறைத்துவிட வேண்டும். மேல்தளத்துக்கு ஏறும்போது உடம்பில் ஹார்னஸ் என்கிற பாதுகாப்புப் பட்டையை மாட்டி, அதன் கயிற்றைப் படகில் கொக்கி போட்டே நடக்க வேண்டும். ராத்திரி தவறி விழுந்தால் திரும்பி வந்து தேடுவது பெரும்பாலும் வீண்.

முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி. அனுபவமுள்ள மாலுமிக்கும் அது வரலாம், அதிலேயே வேலையும் செய்யணும். காய்கறி முதல் சில வாரத்தோடு சரி, அப்புறம் வெங்காயம், உருளை, அரிசி, பருப்பு, பாக்கெட் சாப்பாடு. (நம் பிரஷர் குக்கர் இங்கே பெரிய வரம், படகு எவ்வளவு சாய்ந்தாலும் உள்ளே இருப்பது கொட்டாது.) நல்ல தண்ணீர் கடல் நீரை சுத்திகரித்து வருவது என்பதால் குளியல் பெரும்பாலும் உப்புத் தண்ணீரில், மழை வந்தால் கொண்டாட்டம். மாதவிடாய் பற்றிக் கேட்கத் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். தேவையான நாப்கின்களைக் கிளம்பும்போதே எடுத்துப் போக வேண்டும், பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக்கூடாது என்பது சர்வதேச விதி, அதனால் பயன்படுத்தியதைக் கட்டி வைத்துத் துறைமுகத்தில்தான் போட முடியும். இதெல்லாம் கேட்டும் அவள் முகம் சுளிக்கவில்லை என்றால் ஆசை கொஞ்சம் நிஜம்தான்.

பணம். இணையத்தில் ‘குழுவில் சேருங்கள்’ என்று அழைக்கும் வெளிநாட்டுப் பாய்மரக் கப்பல்கள் பலவற்றில் நாம்தான் பணம் கட்ட வேண்டும், சம்பளம் கிடையாது. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், மாலுமிகளை வேலைக்குச் சேர்த்துவிடும் நிறுவனங்களுக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று அந்த இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள். இல்லையென்றால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

மகள் கணிதக் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. சரக்குக் கப்பல் பக்கம் போக இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஐஎம்யு-சிஇடி நுழைவுத் தேர்வு இருக்கிறது, ஆனால் அங்கே பாய் கிடையாது, எஞ்சின்தான், அவள் கேட்பது அது இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் முதலில் கண் டாக்டரிடம் போய் நிறப் பார்வை சோதித்துவிடுங்கள், நிறக்குருடு இருந்தால் கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவு மூடிய கதவு. கடற்படை என்றால் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான என்டிஏ தேர்வைப் பெண்களும் எழுதலாம், பட்டம் முடித்த பிறகும் வழி உண்டு.

காற்றில் பாய் பிடிக்கத் தெரிந்துகொள்ள உலகம் சுற்ற வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கின்றன, ஒலிம்பிக் போன நேத்ரா குமணன் சென்னையில் ஒரு கோடை முகாமில் ஆரம்பித்தவர்தான். செலவு கட்டுப்படியாகாது என்றால், கடற்படைப் பிரிவு என்சிசி இருக்கிற கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள், அங்கே துடுப்பும் பாயும் கற்றுத் தருவார்கள்.

அப்புறம், பி.காம் பற்றிச் சண்டை வேண்டாம். முதல் வகுப்பில் பி.காம் முடித்து, நிதி அல்லது லாஜிஸ்டிக்ஸில் முதுநிலை டிப்ளமோவும் வைத்திருப்பவர்களை லாஜிஸ்டிக்ஸ் அதிகாரி வேலைக்குக் கடற்படை விண்ணப்பிக்க விடுகிறது. விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பில் வயதையும் தகுதியையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தில்னா இருப்பது அந்தப் பிரிவில்தான்.