மிகச் சிறிய காரில் தானியங்கி பிரேக் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

கேள்வி: தினமும் நான் ஒருத்தி மட்டுமே அலுவலகம் சென்று வருகிறேன். வண்டியை நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடாக இருப்பதால், இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய மிகச் சிறிய கார் ஒன்றை வாங்க நினைக்கிறேன். இவ்வளவு சிறிய வண்டியை எதுவும் இடித்தால் என்ன ஆகும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். விற்பனையாளரோ, குறுக்கே எது வந்தாலும் வண்டியே பிரேக் போட்டுக்கொள்ளும், கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் தானே திருப்பிவிடும், ஆகவே விபத்துக்கே இடமில்லை என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள். விற்பனையாளர் பேசுவது உங்கள் வண்டி போய் இடிப்பதைப் பற்றி. வீட்டார் கேட்பது உங்கள் வண்டி இடிபடுவதைப் பற்றி. கருவிகள் முதலாவதைத்தான் பெரிதும் குறைக்கின்றன. இரண்டாவதில் எடையும் உடற்கூட்டின் உறுதியும்தான் பேசும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 கிலோ எடையுள்ள சிறிய காரும் 1,800 கிலோ எடையுள்ள பெரிய காரும், இரண்டுமே மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து, நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மோதிய மறுகணம் இரண்டும் சேர்ந்து, பெரிய கார் போய்க்கொண்டிருந்த திசையிலேயே சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய காரில் இருப்பவருக்கு வேகம் 50இலிருந்து 17ஆகக் குறைகிறது. அவர் உடல் தாங்க வேண்டிய மாற்றம் 33 கி.மீ. சிறிய காரில் இருப்பவரோ 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தவர், நின்று, அதற்கு மேலும் 17 கி.மீ. வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படுகிறார். அவருக்கு மாற்றம் 67 கி.மீ. இருவரும் ஒரே விபத்தில்தான் சிக்கினார்கள் என்றாலும், ஒருவர் வாங்கிய அடி மற்றவர் வாங்கியதைப் போல் இரு மடங்கு.

2009இல் அமெரிக்காவின் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் இதைச் செய்தே காட்டியது. ஸ்மார்ட் ஃபோர்டூவை மெர்சிடிஸ் சி-கிளாஸுடனும், ஹோண்டா ஃபிட்டை அக்கார்டுடனும், டொயோட்டா யாரிஸை கேம்ரியுடனும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டார்கள். மூன்று சிறிய கார்களும் அதற்கு முன் அசையாத் தடுப்பில் மோதும் சோதனையில் 'நன்று' என்று பெயர் வாங்கியவை. பெரிய காருடன் மோதியபோது மூன்றுமே 'மோசம்' என்ற தரத்துக்கு இறங்கின. தடுப்பில் மோதும் சோதனையில் ஒவ்வொரு காரும் தன் எடைக்குத் தக்க அடியை மட்டுமே வாங்குகிறது. சாலையில் எதிரே வருபவரின் எடையையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

எடைக்கு அடுத்தது இடம். போனட் பகுதி, மோதும்போது நசுங்கி, நமக்குப் பதிலாக அடியை வாங்கிக்கொள்வதற்கென்றும் வடிவமைக்கப்பட்டது. அந்த நீளம் பாதியானால், அதே வேகத்திலிருந்து நிற்பதற்கு உடலின் மேல் விழும் சராசரி விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். பின்பக்கத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். அண்மையில் இத்தகைய வண்டி ஒன்றில் அமர்ந்து, தலைசாய்மானத்துக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்தான் இருந்தது. சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வரும் லாரி பிரேக் பிடிக்கத் தவறினால், உங்கள் வண்டியின் தானியங்கி பிரேக்கால் அந்த லாரியை நிறுத்த முடியாது.

இதனால் அந்தக் கருவியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. முன்னால் செல்லும் வண்டியில் போய் இடிக்கும் விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று மேற்சொன்ன நிலையமே காவல்துறையின் விபத்துப் பதிவுகளிலிருந்து கண்டறிந்திருக்கிறது. நகருக்குள் 40, 50 கி.மீ. வேகத்தில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், உறுதியான கேபினும் பக்கவாட்டு ஏர்பேக்குகளும் உள்ள சிறிய காரைத் தயங்காமல் வாங்கலாம். கனரக வாகனங்களோடு நெடுஞ்சாலையில் தினமும் போக வேண்டியிருந்தால், நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கார் போலவே தோற்றமளிக்கும் சில வண்டிகள் சட்டப்படி கார்களே இல்லை. ஐரோப்பாவில் இவை குவாட்ரிசைக்கிள் என்ற தனி வகையில் பதிவாகின்றன. கார்களுக்கு விதிக்கப்பட்ட மோதல் சோதனைகள் இவற்றுக்குக் கட்டாயமில்லை. புதிய கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரத் தரம் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2014இலும் 2016இலும் இவற்றைச் சோதித்தபோது கடுமையான குறைகளைக் கண்டது. எந்த வகையில் பதிவாகும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய கார், நான்கு நட்சத்திரம் பெற்ற பெரிய காரைவிடப் பாதுகாப்பானதா?

பதில்: அப்படி ஒப்பிடக் கூடாது. நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையே மட்டுமே பொருந்தும். ஆண்டையும் பார்க்க வேண்டும். ஃபியட் பாண்டா 2011இல் யூரோ என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஏறக்குறைய அதே வண்டிக்கு 2018இல் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. வண்டி கெட்டுப்போகவில்லை, தேர்வுதான் கடினமானது. ஓட்டுநர் உதவிக் கருவிகள் அநேகமாக இல்லாததும் அதன் மதிப்பெண்ணைக் கீழே இழுத்தது. இதிலிருந்து வாங்குபவருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. மொத்த நட்சத்திரத்தில் உடற்கூட்டின் உறுதியும் கருவிகளும் கலந்தே வருகின்றன. ஆகவே விரிவான அறிக்கையைத் திறந்து, பெரியவர்களுக்கான பாதுகாப்பு, குழந்தைகளுக்கான பாதுகாப்பு என்ற இரண்டு மதிப்பெண்களையும் தனியே படியுங்கள். சென்சார் கோளாறானாலும் உடனிருப்பது அந்த இரண்டும்தான்.

கேள்வி: என் கணவர் புதிய காரில் வேகக் கட்டுப்பாட்டையும் லேன் உதவியையும் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். "என்னைவிட இது நன்றாக ஓட்டுகிறது" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: கையேட்டை எடுத்து, அந்த வசதிக்கான பக்கத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருக்கும் வாகனத்தைக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல நிறுவனங்கள் அங்கேயே எழுதியிருக்கின்றன. ஓட்டுநர் உதவியை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கும் உலக வழக்கத்தில், வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் இத்தகைய வசதி 2ஆம் நிலையில் வருகிறது. அந்த நிலையில் ஓட்டுபவர் மனிதர்தான்; பொறுப்பும் அவருடையதே. 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் வண்டி 33 மீட்டர் போயிருக்கும்.

கருவி நன்றாக வேலை செய்வதுதான் இதில் சிக்கலே. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், ஏபிஎஸ் (திடீரென பிரேக் போடும்போது சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் கருவி) பொருத்திய டாக்சிகளையும் பொருத்தாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியை ஓட்டியவர்கள் அந்தத் தைரியத்தில் இன்னும் துணிந்து ஓட்டியிருந்தார்கள். கிடைத்த பாதுகாப்பை அவர்களே செலவழித்துவிட்டார்கள் எனலாம்.

ஒரு நாள் காலை, நான் ஓட்டிய காரில், தாழ்ந்திருந்த வெயில் நேரே முகத்தில் அடித்தபோது, 'முன் கேமரா தற்காலிகமாகச் செயல்படவில்லை' என்ற ஒரு வரி டேஷ்போர்டில் வந்தது. எனக்குக் கண் கூசிய அதே நொடியில் அதற்கும் கூசியிருக்கிறது. எனக்கு உதவி அதிகம் தேவைப்பட்ட நேரம் அதுதான். உங்கள் கணவரை ஒரு மழை இரவில், கோடுகள் அழிந்த சாலையில், அவருடைய வண்டி எத்தனை முறை கோட்டைத் தவறவிடுகிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும்.

கேள்வி: முன் கண்ணாடியில் விரிசல் விழுந்ததால் மாற்றினேன். கேமராவைச் சீரமைக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். தேவைதானா?

பதில்: தேவைதான். கேமரா அந்தக் கண்ணாடியின் வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறது. அதன் பார்வை ஒரு பாகை விலகினால், 50 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 87 செ.மீ. தள்ளிப் பார்க்கும், ஓரமாக நிற்கும் வண்டி உங்கள் பாதையில் நிற்பதாகவும், பாதையில் நிற்பது ஓரத்தில் நிற்பதாகவும் அதற்குத் தோன்றலாம். வேலை முடிந்ததும் அளவீட்டு அறிக்கையை வாங்கி பில்லுடன் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து கேமரா சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.