பழைய துருக்கித் துப்பாக்கியில் 2468 என்று பொறித்திருப்பது ஏன்?
ஒட்டோமான் காலத் துப்பாக்கிகள் சிலவற்றின் குழலிலோ விசைத் தகட்டிலோ அரபு எண்களில் 2, 4, 6, 8 என்று வெட்டியிருக்கும். இது ‘பதூஹ்’ என்னும் காப்புச் சொல். அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு: பா 2, தால் 4, வாவ் 6, ஹா 8. 1 முதல் 9 வரை எண்களை நிரப்பி, நெடுக்கு, குறுக்கு, மூலைவிட்டம் என எந்த வரிசையைக் கூட்டினாலும் 15 வரும் ஒன்பது கட்டச் சதுரத்தின் நான்கு மூலைகளும் இவைதான். அந்தச் சதுரமே ஒரு தாயத்து. நம்மூர் ஆட்டோவில் 786 எழுதுவார்களே, அதுவும் பிஸ்மில்லாவின் எழுத்துக் கூட்டுத்தொகைதான்.

எழுத்தைப் படிக்கத் துருவைத் தேய்க்காதீர்கள், பதித்த தங்கம் இருந்தால் உரிந்துவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும். அதற்கும் முன்னால், குழலுக்குள் ஒரு மரக்குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். குழலின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பற்றுத்துளை வரை போகவில்லை என்றால் உள்ளே வெடிமருந்து இருக்கலாம்.

பலர் 2468-ஐ ஆண்டு என்று நினைக்கிறார்கள்; ஆனால் இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு இன்னும் 1400-களில்தான் இருக்கிறது. 1219 போல ஓர் எண் தனியே இருந்தால் அதைப் பாருங்கள், அது ஆண்டாக இருக்கலாம்; ஹிஜ்ரி 1219 என்பது கி.பி. 1804-05.