அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். அதில் முதல் இரண்டு இடங்களுக்குள் எடுக்கப்பட்டும் சோபிக்காமல் போனவர்கள் யார்? ஏன் அப்படி ஆனது?

பெரும்பாலானோர் முதலில் சொல்லும் பெயர் டார்கோ மிலிசிச். 2003 டிராஃப்டில் லெப்ரான் ஜேம்ஸுக்கு அடுத்து, இரண்டாவதாக டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் எடுத்தது செர்பியாவிலிருந்து வந்த இந்த 18 வயதுப் பையனை. அவருக்குப் பின்னால் வரிசையாகப் போனவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், ட்வைன் வேட். மூவருமே பின்னாளில் பெரிய நட்சத்திரங்கள். டெட்ராய்ட் ரசிகர்களுக்கு இன்றும் வயிறு எரிவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் பழியை டார்கோ தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து. பொதுவாகத் தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்குத்தான் இவ்வளவு உயர்ந்த இடம் கிடைக்கும். டெட்ராய்ட் அப்படிப்பட்ட அணியே அல்ல. முந்தைய சீசனில் 50 ஆட்டங்கள் ஜெயித்திருந்தது. 1997-இல் ஓடிஸ் தார்ப்பைக் கொடுத்து கிரிஸ்லீஸ் அணியிடமிருந்து வாங்கி வைத்திருந்த பிக் (டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை), ஆறு வருடம் கழித்து இரண்டாம் இடமாகக் கனிந்தது. கோப்பைக்கு ஓடும் அணியில், கோச் லாரி பிரவுன் ஒரு சின்னப் பையன் தப்பு செய்து கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்குவாரா? டார்கோ ஆட வேண்டிய இடத்தில் அவருக்கு முன்னால் பென் வாலஸ் இருந்தார், சீசன் நடுவில் ரஷீத் வாலஸும் வந்து சேர்ந்தார்.

கணக்கைப் பாருங்கள். முதல் சீசனில் டார்கோ ஆடியது 34 ஆட்டங்கள், சராசரி 4.7 நிமிடம். மொத்தம் சுமார் 160 நிமிடம். ஒரு ஆட்டம் 48 நிமிடம் என்பதால், ஒரு வருடம் முழுக்க மூன்றரை ஆட்ட நேரம்கூட இல்லை. அதுவும் பெரும்பாலும் வெற்றி தோல்வி முடிவான பிறகு கிடைக்கும் கடைசி நிமிடங்கள். அந்த நேரத்தில் யாரும் திட்டப்படி ஆட மாட்டார்கள். கையில் பந்து கிடைத்தவர் ஷாட் அடித்துப் பார்ப்பார். உயரமான ஆட்டக்காரருக்கு உள்ளே பாஸ் வராது. எதிரணியில் ஒருவர் தடுப்பாளரை மறித்து நின்று, பிறகு கூடையை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோல் வரும்போது எவ்வளவு தூரம் வெளியே வந்து தடுப்பது, எப்போது திரும்பி ஓடுவது என்பதெல்லாம் நிஜ ஆட்டத்தில் அடிபட்டுத்தான் பழக வேண்டும். இன்று என்றால் என்பிஏவின் துணை லீக்கான ஜி லீக்குக்கு அனுப்பி 30 நிமிடம் ஆட வைப்பார்கள். இளம் வீரர்களை அப்படி அனுப்பும் ஏற்பாடு 2005-க்குப் பிறகுதான் வந்தது.

2004-இல் டெட்ராய்ட் கோப்பையை வென்றது. 2006 பிப்ரவரியில் டார்கோ ஆர்லாண்டோவுக்குப் போனார். அங்கே ஆட்டத்துக்கு இருபது நிமிடம் கிடைத்ததும் சராசரியாக இரண்டு ஷாட்களை ப்ளாக் செய்தார். தன் மனப்போக்கும் ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் ஒத்துக்கொண்டார். வேட் அளவுக்கு வந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்து வருடம் நம்பி ஆட வைக்கக்கூடிய ஒரு சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) அவருக்குள் இருந்தார்.

ஆளைத் தவறாக எடைபோட்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2013-இல் கிளீவ்லாண்ட் முதலாவதாக எடுத்த ஆந்தனி பென்னட். கல்லூரியில் ஒரே சீசன், சராசரி 16 புள்ளி, 8 ரிபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). உயரம் 6 அடி 8 அங்குலம். கூடையருகே மோதும் பவர் ஃபார்வர்டாக நிற்க உயரம் போதாது, வெளியே ஓடி ஆடும் ஸ்மால் ஃபார்வர்டுகளைத் துரத்த வேகம் போதாது. கல்லூரியில் பலத்தால் சமாளிக்கலாம். என்பிஏவில் எதிராளிகள் எல்லோரும் பலசாலிகள். போதாக்குறைக்கு டிராஃப்டுக்கு முந்தைய மாதம் தோளில் அறுவை சிகிச்சை. புது வீரர்கள் ஆடிப் பழகும் கோடைக்காலப் போட்டியான சம்மர் லீக் ஆட முடியவில்லை, உடற்பயிற்சி நின்று எடை கூடியது. அவருடைய இடத்தில் ஏற்கெனவே டிரிஸ்டன் தாம்சன் இருந்தார். முதல் நான்கு ஆட்டங்களில் அடித்த ஒரு ஷாட்கூட விழவில்லை. அந்தச் சீசன் சராசரி 4.2 புள்ளி. அடுத்த ஆண்டே கெவின் லவ்வை வாங்குவதற்காக ஆண்ட்ரூ விக்கின்ஸோடு சேர்த்து மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே டிராஃப்டில் 15-ஆவதாகப் போனவர் பின்னாளில் பெரிய நட்சத்திரமான யானிஸ் ஆன்டெடோகும்போ.

கிரெக் ஓடனை இந்தப் பட்டியலில் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. 2007-இல், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டுரான்ட்டை விட்டுவிட்டு போர்ட்லாண்ட் அவரை எடுத்தது உண்மைதான். ஆனால் 2009-10 சீசனில் அடிபடும் வரை ஆடிய 21 ஆட்டங்களில் சராசரி 11.1 புள்ளி, 8.5 ரிபவுண்ட், அடித்த ஷாட்களில் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. ஆட்டம் தெரியாதவர் இப்படி ஆட முடியாது. அவரைக் கெடுத்தது முழங்கால். மைக்ரோஃபிராக்சர் சிகிச்சையில் எலும்பில் சிறு துளைகள் போடுவார்கள். கசியும் ரத்தத்திலிருந்து புதிய குருத்தெலும்பு உருவாகும். அது பழையதைப் போல உறுதியாக இருக்காது. ஏழு அடி உயர உடம்பு குதித்து இறங்கும் பாரத்தை அது எத்தனை நாள் தாங்கும்? அவருக்கு அந்தச் சிகிச்சை மூன்று முறை நடந்தது. போர்ட்லாண்டுக்காக மொத்தம் 82 ஆட்டங்களோடு முடிந்தது.

குவாமே பிரவுன் 2001-இல் பள்ளியிலிருந்து நேராக வந்து முதல் இடத்தில் எடுக்கப்பட்ட முதல் ஆள். எடுத்தவர் அப்போது வாஷிங்டன் அணி நிர்வாகத்தில் இருந்த மைக்கேல் ஜோர்டன், பிறகு அவரே அணித் தோழராக ஆடவும் இறங்கினார். 19 வயதில் அந்த அழுத்தம் யாருக்கும் கடினம். இருந்தும் 12 சீசன் ஆடினார். அதை யாரும் சொல்வதில்லை.

புது ஆள் ஒருவர் தேறுவாரா என்று பார்க்க, முதல் சீசனில் புள்ளி சராசரியை விடுங்கள். ஆட்டத்துக்கு 20 நிமிடமாவது கிடைக்கிறதா, அது முடிவு தெரியாத நேரத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீ த்ரோ (எதிராளி ஃபவுல் செய்ததும் தடையின்றி அடிக்கக் கிடைக்கும் ஷாட்) எத்தனை முறை வாங்குகிறார் என்பதும் முக்கியம். உள்ளே புகுந்து அடிக்கும் துணிவு அதில் தெரியும். முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு இரண்டு வருடச் சம்பளம்தான் உறுதி. மூன்றாம் வருடம் வைத்துக்கொள்வதா என்பதை, இரண்டாவது சீசன் தொடங்கும் அக்டோபர் 31-க்குள் அணி சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சீசனைப் பார்த்து எடுக்கும் முடிவு அது.