ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர் பல்கலைக்கழக ஆசிரியராக முடியுமா?

டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம் படித்து மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் ஒருவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழக ஆசிரியராக முடியுமா, அதற்கு வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், நான் அப்படி வந்தவள்தான். வேலையை விட வேண்டுமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறீர்கள் என்றும், உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பட்டதாரி உங்களுக்கே பொறுப்பாளராக வந்து உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கேள்வி எழுந்தது என்றும் எடுத்துக்கொள்கிறேன். என் விஷயத்தில் அப்படித்தான் தொடங்கியது. அந்தப் பெண் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் நன்றாகவே வேலை கற்றுக்கொண்டார். பட்டயம் என்பது இந்தத் துறையில் ஓர் அளவுக்கு மேல் யாரையும் ஏறவிடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பட்டயத்திலிருந்து நேராக முதுகலைக்குப் போக வழியில்லை. சில பல்கலைக்கழகங்கள் பட்டயம் முடித்தவர்களை பி.எஸ்சி. எம்.எல்.டி. இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கின்றன, ஓராண்டாவது மிச்சமாகும். தொலைநிலைக் கல்வியில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு அந்த வழி செல்லாது என்பதோடு, 2025 கல்வியாண்டிலிருந்து நுண்ணுயிரியல் போன்ற பாடங்களைக்கூடத் தொலைநிலையில் நடத்த வேண்டாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 50 போதும். அதன் பிறகு நெட் அல்லது செட் (ஆசிரியப் பணிக்கான தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்), இல்லையென்றால் முனைவர் பட்டம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் நெட் எழுதுவதானால் வயது வரம்பு கிடையாது, ஆகவே முப்பதைத் தாண்டிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மாதம் 37,000 ரூபாய் தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு மட்டும் வயது பார்ப்பார்கள். நம் துறையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் எழுதுவது உயிர் அறிவியல் தாள்தான். ரத்த அணுக்களோடு வாழ்ந்துவிட்டு, நைட் டியூட்டி முடிந்த காலையில் ஒளிச்சேர்க்கையும் சூழலியலும் படிக்க உட்கார்வது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

பல்கலைக்கழகம் என்றவுடன் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதை நீங்கள் மனத்தில் வைத்திருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவம் படிக்காத எம்.எஸ்சி., பிஎச்.டி.காரர்களுக்கு உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் போன்ற துறைகளில் ஒரு வரம்புக்குள் இடம் உண்டு. அந்த வரம்பு அண்மை ஆண்டுகளில் ஒருமுறை குறைக்கப்பட்டு மறுபடியும் கூட்டப்பட்டது. ரத்தவியலோ மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறைக்குள் அடங்கியது, நோயியலில் நமக்கு இடமில்லை. ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைப் பார்த்தவர், தான் பார்த்த பாடத்தை மருத்துவ மாணவருக்குச் சொல்லித்தர முடியாது என்பதுதான் நிலை. நமக்குத் திறந்திருப்பவை, எம்.எல்.டி. போன்ற மருத்துவம் சார்ந்த படிப்புகளை நடத்தும் துறைகள். நான் இருப்பதும் அப்படி ஒரு துறையில்தான்.

நேர்முகத் தேர்வில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் பணிச் சான்றிதழைப் பார்த்த ஒரு மூத்த பேராசிரியர், “ஆசிரியப் பணி அனுபவம் எவ்வளவும்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “இதெல்லாம் டெக்னீசியன் வேலைதானே, இதைக் கணக்கில் எடுக்க முடியாது” என்று சொல்லித் தாளைத் திருப்பி வைத்துவிட்டார். விதிப்படி அவர் சொன்னது சரிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதிரி வகுப்புக்கு அவர்கள் கொடுத்த தலைப்பு ஏபிஓ ரத்த வகைகள். எல்லோரும் 1901இல் லான்ட்ஸ்டைனர் வெளியிட்ட கண்டுபிடிப்பிலிருந்து தொடங்குவார்கள் என்று தெரியும். நான் 1952இல் பம்பாயில் பெண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டறிந்த ரத்த வகையிலிருந்து தொடங்கினேன். அணுக்களைச் சோதித்தால் ‘ஓ’ என்றே காட்டும் அந்த ரத்தத்தின் சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிநீரை எடுத்து ஓ அணுக்களோடு கலந்தால் திரண்டுவிடும். அந்த வகை ரத்தம் உள்ளவருக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. சீரத்தை வைத்துச் செய்யும் எதிர்வகைச் சோதனையை அவசரத்தில் தவிர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. அதே பேராசிரியர் அதன் பிறகு இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார்.

வகுப்பறையில் எனக்கு இன்றுவரை கைகொடுப்பது லேபில் நின்று கழித்த இரவுகள்தான். ஒரு டெங்குக் காலத்தில், சாதாரணக் காய்ச்சலோடு வந்த இளைஞர் ஒருவருக்கு, அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் இயந்திரம் தட்டணுக்கள் 14,000 என்று காட்டியது. தட்டணு ஏற்றுவதற்கு ரத்த வங்கிக்குச் சொல்ல மேலே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. உறவினர் ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று, “சிஸ்டர், ஏறிருச்சா இறங்கிருச்சா, அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். (லேபில் இருக்கும் பெண்கள் எல்லோரும் சிஸ்டர்தான்.) உடம்பில் ரத்தப்புள்ளி எதுவும் இல்லை என்று வார்டிலிருந்து சொன்னார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தை மெல்லப் பரப்பி ஸ்மியர் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, தாங்கல் நீரைச் சேர்த்துக் காத்திருந்து, கழுவிக் காயவைத்து எண்ணெய் லென்ஸில் பார்த்தேன். ஸ்மியரின் வால் பகுதியில் தட்டணுக்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் சிலருடைய ரத்தத்தில் மட்டும் இப்படி நேரும்: அவர்கள் ரத்தத்திலுள்ள ஓர் எதிர்ப்பொருள், ஈடிடிஏ இருக்கும் இடத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உடம்புக்குள் எந்தக் குறையும் இருக்காது. கொத்தாக இருப்பதைத் தட்டணு என்று எண்ணத் தெரியாத இயந்திரம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். ஈடிடிஏவுக்குப் பதில் சிட்ரேட் உள்ள நீலமூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டியபோது 1,62,000 வந்தது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் கலந்திருப்பதால் 1.1ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 1,78,000. தட்டணு ஏற்றுவது நின்றது.

ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் என்பதை என் மாணவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். இந்த இரவைச் சொல்லி, 14,000 என்ற தாளை முதலில் கையில் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ரிப்போர்ட் அனுப்பிவிடுவோம் என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. எம்.எல்.டி. துறைகளிலேயே ரத்தவியல் செய்முறை வகுப்பை, நோயாளியின் சாம்பிளை ஒரு நாளும் கையாளாதவர்களுக்கு ஒதுக்குகிறார்கள். நுண்ணுயிரியலோ உயிர்வேதியியலோ படித்தவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பாடத்தில் எனக்குத் தெரியாதது ஏராளம். மருத்துவமனையில் வேலை பார்த்த ஆண்டுகளுக்கு ஒரு மதிப்பெண்கூடத் தராத தேர்வுமுறையைத்தான் சொல்கிறேன். மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்கென 2021இல் தேசிய அளவில் தனிச் சட்டம் வந்து, ஆய்வகத் துறையினரும் அதில் அடங்கினோம். படிப்புக்கு இத்தனை மணிநேரம் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. அந்த மணிநேரங்களைச் சொல்லித்தருபவர் லேபில் எத்தனை நாள் நின்றிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு வைத்தால் நன்றாயிருக்கும்.

இனி, வேலையை விடுவதா என்ற கேள்வி. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டுக்கும் விட வேண்டியிருக்கும், அல்லது இரவுப் பணி மட்டும் தரும் ஒரு சிறிய லேபைப் பிடிக்க வேண்டியிருக்கும். நான் இரண்டாவதைச் செய்தேன், உடம்பு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்கு விட வேண்டியதில்லை. 2022 விதிகளின்படி பகுதிநேரமாகச் செய்யலாம், வேலை தருபவரின் தடையில்லாச் சான்று கட்டாயம். குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். தொடக்கத்தில் தனியார் கல்லூரிச் சம்பளம் ஒரு மூத்த டெக்னீசியன் வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது இருக்கும் மருத்துவமனையை விட்டு வரும்போது, பணிச் சான்றிதழில் ‘லேப் டெக்னீசியன்’ என்று ஒரு வரியோடு முடித்துவிட விடாதீர்கள். எந்தெந்தப் பிரிவில் எவ்வளவு காலம் இருந்தீர்கள், தரக்கட்டுப்பாட்டுப் பதிவுகளைப் பார்த்தீர்களா, பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். விலகிய பிறகு போய்க் கேட்டால் தர மாட்டார்கள்.