புதிதாக வாங்கிய கடல் கயாக்கைக் காற்றில் எப்படிச் சோதிப்பது? வடசென்னைப் பக்கம் அதற்கு இடம் உண்டா?

கேள்வி கேட்டவர் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள, பின்பக்கம் ஸ்கெக் (படகின் அடியில் ஏற்றி இறக்கும் சிறு தகடு) வைத்த ஒரு ஃபைபர் கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு, வாங்கியிருக்கிறார். எவ்வளவு வேகம் போகும், ஆட்டம் எப்படி இருக்கும், எங்கே இறக்குவது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். எண்ணூரில் கயாக் ஓட்டுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காற்றில் ஒரு கயாக்கைப் பற்றி முதலில் தெரியவேண்டியது, அது நீங்கள் சொல்கிற பக்கம் திரும்புமா, காற்று தள்ளுகிற பக்கம் திரும்புமா என்பதுதான். காற்றில்லாத காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "சூப்பர் படகு" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இடத்தைப் பற்றி முதலில் பேசவேண்டியிருக்கிறது. வடசென்னைக் கடற்கரைக்கு ஒரு சங்கடம் உண்டு. மற்ற ஊர்களில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களிடம், கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்றில் இறங்குங்கள், கவிழ்ந்தாலும் காற்றே கரை சேர்த்துவிடும் என்று சொல்வார்கள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரை அப்படிச் சொல்ல முடியாது. அங்கே காற்று கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் பாறையில். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வந்தபிறகு, தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே தடைபட்டது. மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனதும் அதனால்தான். அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள், அப்புறம் தூண்டில் வளைவுகள் (கடலுக்குள் நீளும் கல்சுவர்கள்) கட்டினார்கள். சில வளைவுகளுக்கு நடுவில் மணல் சேர்ந்திருக்கிறது, அதை நம்பி இறங்குகிறவர்களும் உண்டு. ஆனால் காற்றடிக்கும் நாளில் கல்லில் மோதித் திரும்பும் அலையும் கடலிலிருந்து வரும் அலையும் சேர்ந்து, தண்ணீர் ஒரு ஒழுங்கே இல்லாமல் செங்குத்தாக எழும்பும். படகு ஆடுவது படகின் குறையா, கல்லின் வேலையா என்று உங்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சோதனைக்கு அந்த இடம் வேண்டாம்.

காசிமேட்டையும் விட்டுவிடுங்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குள் விசைப்படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் பெரிய துறைமுகத்தின் பாதுகாப்பு எல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்குமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எல்லை அப்போதும் எல்லைதான்.

நான் போவது எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்கே, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்து மணல்கரை. அங்கேயும் குப்பத்தில் சொல்லிவிட்டு இறங்குவதுதான் மரியாதை. வலை எங்கே கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை காலையிலேயே படகைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இன்னா தம்பி, இத்த எத்துகினு போயி இன்னா புடிக்கப் போற?" என்றார். "ஒண்ணும் புடிக்கலண்ணா, காத்துல எப்படிப் போவுதுன்னு பாக்கணும்" என்றேன். "அப்போ இப்ப எறங்காத. மதியத்துக்கு மேல காத்து மாறும், அப்ப எறங்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் காலையில் அடிப்பது மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு. கரையோரத்தில் தண்ணீர் ஏரி மாதிரி தட்டையாக இருக்கும். காற்றுக்கு ஓட இடம் கிடைக்கக் கிடைக்கத்தான் அலை எழும்பும் என்பதால், ஒரு கிலோமீட்டர் உள்ளே போனபிறகுதான் அதன் உண்மையான பலம் தெரியும். அப்போது திரும்பினால் முழுக் காற்றும் முகத்தில். மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் எதிர்காற்று வந்துவிட்டால் நம்மைப் போன்றவர்கள் நகர்வதே பெரும்பாடு. எனவே மேல்காற்றில் சோதனை கிடையாது, எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் சரி.

மதியத்துக்கு மேல் உள்ளே வரும் கடல்காற்றுதான் நமக்கு வேண்டியது. கிழக்கு, தென்கிழக்கிலிருந்து ஆரம்பித்துச் சாயங்காலம் தெற்காகத் திரும்பும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. என்னைக் கேட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலான பிற்பகல்கள்தான் இதற்குச் சரியான காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடை அடிக்கிற நாட்களில் புதுப்படகைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

எவ்வளவு காற்று? காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் நான்கு போதும், மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். கருவி இல்லையென்றால் கடலைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் மூன்று, பரவலாகத் தெரிந்தால் நான்கு, எங்கு பார்த்தாலும் நுரை என்றால் ஐந்து, அன்றைக்கு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் 'கொஞ்சம் கூடத்தானே' என்று கணக்குப் போடாதீர்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும் முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, முதலில் தெற்கே போங்கள். தெற்குக் காற்றும் அந்தப் பருவத்து நீரோட்டமும் உங்களை வடக்கே தள்ளும், வடக்கே முகத்துவாரம், அதைத் தாண்டினால் காமராஜர் துறைமுகம். தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போய்விட்டால் களைத்தபின் காற்றோடு திரும்பலாம். முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வெளியே ஓடும் நேரத்தில் எதிரே கடல்காற்று அடித்தால் அலை குத்தலாக நிற்கும், அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்குள் பழகலாமே என்று கேட்பீர்கள். உட்கார்ந்து பார்க்க, ஸ்கெக்கை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சரி. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பல இடத்தில் துடுப்பு தரை தட்டும். 2023 டிசம்பரில் எண்ணெய் வேறு வந்து படிந்தது. அங்கே வேண்டுமென்றே கவிழ்ந்து பழக எனக்கு மனசு வரவில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் துடுப்பைப் போடாமல் சும்மா இருங்கள். அநேகமாகப் படகு காற்றுக்குக் குறுக்காக வந்து நிற்கும். அது இயல்புதான். இப்போது ஸ்கெக்கை ஏற்றிவைத்து, காற்று பக்கவாட்டில் படும்படி, இரண்டு பக்கமும் ஒரே அளவு பலத்தோடு துடுப்புப் போடுங்கள். கரையில் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள், எண்ணூரில் புகைபோக்கிக்குப் பஞ்சமில்லை. கொஞ்ச தூரத்திலேயே அணியம், அதாவது படகின் முன்முனை, காற்று வரும் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். காரணம் எளிது. படகு முன்னேறும்போது அணியம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, அங்கே இரு பக்கமும் அழுத்தம் அதிகம், அதனால் அது பிடிமானத்தோடு இருக்கும். அமரத்தின் பக்கம், அதாவது பின்முனையில், தண்ணீர் கலைந்து தளர்ந்திருக்கும், காற்று அதைச் சுலபமாக வழுக்கித் தள்ளிவிடும். பின்புறம் தள்ளப்பட்டால் மூக்கு காற்றைப் பார்த்துத்தானே திரும்பும்?

கொஞ்சம் திரும்புவது நல்ல குணம். அறவே திரும்பாத படகும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் படகும்தான் எனக்குப் பயம், ஏனென்றால் கை ஓய்ந்தால் அது உங்களைக் காற்றோடு இழுத்துப் போய்விடும். பார்க்கவேண்டியது, திரும்பியதை நீங்கள் மீட்க முடிகிறதா என்பதை. காற்று வரும் பக்கம் இடுப்பால் படகைச் சாய்த்து, அதே பக்கம் அணியத்திலிருந்து அமரம் வரை துடுப்பை அரைவட்டமாக வீசி இழுங்கள். மூக்கு காற்றைவிட்டு விலகவேண்டும். நாலைந்து வீச்சில் விலகினால் நல்ல படகு. மூச்சுவாங்க வாங்கப் போட்டும் அசையவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்கெக்கைப் பாதி இறக்கி இதையே செய்யுங்கள், அப்புறம் முழுதும் இறக்கி. ஸ்கெக் அமரத்துக்குப் பிடிமானம் கொடுப்பதால் திரும்பல் குறையவேண்டும். பாதியில் நேராகப் போய், முழுதும் இறக்கினால் மூக்கு காற்றுக்கு விலகும் என்றால் ஸ்கெக் சரியான அளவில், சரியான இடத்தில் இருக்கிறது. முழுதும் இறக்கியும் காற்றைப் பார்த்தே போனால் ஸ்கெக் சிறியது, அல்லது உங்கள் உட்காரும் இடம் முன்னால் தள்ளியிருக்கிறது.

இதே சோதனையைச் சுமையோடும் செய்யவேண்டும், பெரும்பாலானோர் இதை விட்டுவிடுகிறார்கள். காலிப் படகு தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்கும், காற்று பிடிக்க நிறைய இடம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்களைப் பின்னறையில் (பின்பக்கச் சாமான் அறை) நகராமல் கட்டிவைத்து ஓட்டிப் பாருங்கள், பிறகு முன்னறைக்கு மாற்றுங்கள். பின்னால் எடை இருந்தால் அமரம் அமிழ்ந்து திரும்பல் குறையும், முன்னால் இருந்தால் கூடும். ஒரே படகு இரண்டு குணம் காட்டுவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

என்னுடைய முதல் படகில் ஸ்கெக் கரையிலேயே மாட்டிக்கொண்டது. அமரத்தை மணலில் இழுத்ததில் பொடிக்கல் ஸ்கெக் பெட்டிக்குள் நெரித்துக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து கம்பியைத் தள்ளினால் கம்பிதான் வளைகிறது. புதுப்படகிலேயே ஸ்கெக்கின் நுனியில் ஒரு சிறு ஓட்டை போட்டு ஒரு விரற்கடை நூல்கயிறு கட்டிவிடுங்கள். மாட்டினால் கூட வருகிறவர் வெளியிலிருந்து இழுத்துவிடுவார். சுக்கான் வைத்த படகா, ஸ்கெக் வைத்த படகா என்று பின்னூட்டத்தில் சண்டை வரும். நம் கரையில் அலையில் உருண்டு இறங்குவதும் கல்லில் உரசுவதும் சகஜம் என்பதால் வெளியே துருத்தி நிற்கும் சுக்கானை நான் விரும்புவதில்லை.

காற்றோடு வரும்போது அலை பின்னாலிருந்து தூக்கும். அணியம் தண்ணீருக்குள் புதைகிறதா, படகு திடீரென்று பக்கவாட்டில் திரும்பிக் கவிழப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். அப்படித் திரும்பினால் அலை வரும் பக்கம் சாய்ந்து, துடுப்பின் முதுகால் தண்ணீரைத் தட்டி நில்லுங்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆடுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல கடல் கயாக்குகள் நேராக இருக்கும்போது துறுதுறுவென்று ஆடும், ஓரமாகச் சாய்த்தால் ஓரிடத்தில் பிடித்து நிற்கும். அந்தப் பிடிப்பு எங்கே வருகிறது என்பதை இடுப்பளவுத் தண்ணீரிலேயே தெரிந்துகொள்ளலாம்.

கவிழ்ந்து ஏறிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், உயிர்காப்பு உடுப்பு உடம்பில் இருக்கட்டும். காற்றில் காலிப் படகு நீந்துகிற ஆளைவிட வேகமாகப் போகும், அதனால் ஒரு கை எப்போதும் படகின் கயிற்றில். துடுப்பு மிதவை (துடுப்பின் நுனியில் மாட்டும் மிதக்கும் பை) வைத்து ஏறும்போது பின்தளம் உயரமாக இருந்தால் வயிற்றில் இடித்து உள்ளே விடாது. கடையில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஏறியபின் காக்பிட்டில், அதாவது உட்காரும் குழியில், எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கைப்பம்பால் இறைக்கும் நேரத்தில் இன்னொரு அலை உள்ளே வருகிறதா என்று பாருங்கள். செல்போன் நீர்புகா உறையில் உடம்போடு இருக்கவேண்டும், படகோடு அல்ல. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கரைக்கு வந்ததும் மூடிகளைத் திறந்து ஒவ்வொரு அறையையும் துணியால் துடைத்துப் பிழியுங்கள். ஒரு கைப்பிடித் துணி நனைகிற அளவு ஈரம் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் மூடியின் ரப்பரா, அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரா என்று பிரிக்கவேண்டும். வீட்டில் ஓர் அறைக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் படகைச் சாய்த்தால் தடுப்புச் சுவர் ஒழுகுவது அடுத்த அறையில் தெரிந்துவிடும். நான் வாங்கிய ஒரு படகில் விளிம்பில் பசை விட்டுப்போய் நூல் மாதிரி தண்ணீர் ஓடியது, அந்தக் கம்பெனி அதைத் 'சாதாரணம்' என்று சொல்லிவிட்டது. நானே ரெசின் பூசி அடைத்தேன். சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் மட்டும் அடைத்துவிடாதீர்கள். நம் வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடி பிதுங்கிப் போகாமலிருக்க வேண்டுமென்றே விட்டது அது.

வேகத்துக்கு, ஜிபிஎஸ் கடிகாரத்தோடு ஒரே தூரத்தைக் காற்றை எதிர்த்தும் காற்றோடும் ஓட்டி இரண்டையும் எழுதிவையுங்கள், அவ்வளவுதான்.

எதை வைத்துப் படகைத் திருப்பிக் கொடுப்பது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மூடி ரப்பர், ஸ்கெக் கம்பி, இருக்கை, கால்தாங்கி எல்லாம் மாற்றக்கூடியவை, அதற்காகப் படகை வெறுக்க வேண்டாம். இருக்கையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி, பின்னறையில் எடை வைத்து, ஸ்கெக்கை முழுதும் இறக்கி, அதற்குப் பிறகும் நான்காம் நிலைக் காற்றில் மூக்கை விலக்க முடியவில்லை என்றால் அது உங்கள் உடல்வாகுக்கு ஒத்துவராத படகு. மாற்றும் கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்.